மெதுவா சாரும் பின் சக்கரமும்

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் ‘மெதுவா சார்’. எனக்கு மாமா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். காலையில் கிளம்பினால் மாலை வரை அந்தச் சின்ன வெள்ளை வண்டியில், பயந்து நடுங்கும் யாராவது ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா… மெதுவா… அவசரமே இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளியில் பெயர் பதியும்போதே, “மெதுவா சார்கிட்டயே போடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் உண்டு.

நானும் அவரிடம்தான் கற்றேன். முதல் நாளே ஒரு குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளினேன். இறங்கிப் போய்த் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, “பரவால்ல மாப்ள, அது நகரும்னு நீ எதிர்பார்த்த, அது நகரல” என்றார். திட்டவே தெரியாத மனிதர். பாடம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் ஒன்று சொல்வார். எல்லோருக்கும், ஒவ்வொரு நாளும், ஒரே வாக்கியம்: “நல்லபடியா வந்து சேர்ந்தோம். நன்றி.” இடித்தவனுக்கும் அதே நன்றிதான். கூச்சத்தோடு, பாதி வாய்க்குள்ளேயே முழுங்கிச் சொல்வார்.

இப்படிப்பட்டவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்றால் ஊர் சிரிக்காதா?

இரண்டே இருக்கை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் நீல வண்டி. பல் டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, முதுகு வலி வந்ததும் விற்றுவிட்டார். வாலிப வயதில் ஏதோ ஒரு கண்காட்சியில் அதே மாதிரி வண்டியைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர் மாமா. அன்று மனதில் விழுந்தது, தலை நரைத்த பிறகு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாங்கினாரே ஒழிய, அதையும் அவர் பள்ளி வண்டி மாதிரிதான் ஓட்டினார். சைக்கிள்காரன் முந்திப் போவான். போகிறவன் சும்மா போக மாட்டான், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். மாமா பெருந்தன்மையாக அவனுக்குக் கை காட்டுவார்.

அந்த வீட்டின் மாடியில் இருப்பவன் நான். மெத்தைக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் தூக்கம் விற்றுவிட்டு, அக்கா சமையலை வெட்கமில்லாமல் சாப்பிடும் பிரம்மச்சாரி. ஆகவே நான் சொல்வதெல்லாம் ஜன்னல் வழியாகவும் சாப்பாட்டு மேசையிலும் பார்த்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. குளிர்பானம் நிரப்பும் தொழிற்சாலையில் முன்பு அவளுக்கு வேலை. திரும்பி வந்த கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, வரிசையாக வெள்ளை விளக்குக்கு முன்னால் ஓட விடுவார்கள். அழுக்கு, விரிசல், விளிம்பு உடைந்தது எதுவானாலும் கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் விரலை வாய்ப்புறத்தில் ஒரு சுற்று ஓட்டுவாள். கண்ணுக்குத் தப்பிய உடைசல் விரலுக்குத் தப்பாது. ஆனால் அந்தக் கூடத்தில் ஆயிரம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் இருக்கிறதே, அது மெல்ல மெல்ல அவள் காதைத் தின்றுவிட்டது. வேலையை விட்டபோது பேசுகிறவர் உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்துப் பாதி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழிக்குத் தடை. ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்று இரவு எனக்கு நானே ரொட்டி வாங்கிச் சாப்பிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீல வண்டி வெளியே வரும். இருவரும் ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வருவார்கள். போகிற வழியெல்லாம் அக்கா பேசுவாள். மாமாவின் கண் சாலையில் இருக்கும், அவர் முகத்தைத் திருப்பினால்தானே இவளுக்கு உதடு தெரியும்? அதனால் அந்தப் பேச்சு எப்போதும் ஒரு வழிப் பாதைதான். திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் மாமா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஏதோ முணுமுணுப்பார். “பாரு, பொண்டாட்டியை விட்டுட்டு வண்டிகிட்ட பேசிட்டிருக்காரு” என்று அக்கா என்னிடம் கண்ணைக் காட்டிச் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில்தான் அவளுக்குக் காதுக் கருவி வந்தது. மொச்சைக் கொட்டை அளவு, காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அன்று வீடே கொண்டாடியது. தண்ணீர் மோட்டார் நிற்கும்போது ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் போடுமாம், எங்கள் யாருக்கும் தெரியாது, அவள்தான் சொன்னாள். நான் மாடியில் குறட்டை விடுவது கீழே கேட்கிறதாம். “இத்தனை வருஷம் இந்தக் கொடுமை தெரியாம நிம்மதியா இருந்திருக்கேன்டா” என்றாள். காதுப் பரிசோதனை நிலையத்து அம்மா ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொல்லி அனுப்பினாள். “நாள் முழுக்கப் போட்டுப் பழகணும். கஷ்டமா இருக்குன்னு கழட்டிப் பெட்டியில வெச்சீங்கன்னா அப்புறம் போடவே மாட்டீங்க. நிறைய பேர் அப்படித்தான், வாங்கினதோட சரி.”

முதல் ஞாயிறு. புதுக் காதோடு அக்கா கிளம்பினாள். கொஞ்ச நேரத்திலேயே வண்டி திரும்பி வந்தது. கருவி அவள் கையில் இருந்தது.

“என்ன வண்டி இது! ஊளையிடுது! மண்டைக்குள்ள பூந்து குடையுது!”

“வண்டி எப்பவும் போலத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றார் மாமா. “உன் மிஷின்லதான் ஏதோ கோளாறு.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதையை எங்கள் வீட்டில் தலைகீழாக நடத்தினோம். கூடம்தான் கோணல், நாங்கள் ஆடுகிறவளைக் குற்றம் சொன்னோம். கருவியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனார்கள். சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாள் அந்த அம்மா. ஊளை குறைந்தது, கூடவே எங்கள் குரலும் குறைந்தது. மறுபடியும் போனார்கள். மறுபடியும் குறைத்தாள். அடுத்த ஞாயிறும் அதே கதைதான். அன்று அக்கா வண்டியை விட்டு இறங்கி, கருவியைத் துடைத்து அதன் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

“என் காதுக்கு இவ்ளோதான் குடுத்து வெச்சிருக்கு. விடுங்க” என்றாள்.

அழுதிருந்தால்கூடத் தேவலை. அழவில்லை. பாட்டில் பொறுக்குகிறவள், உடைந்ததை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பது போல இருந்தது. மறுநாள் காலை சமையலறையில் நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. பழையபடி எதிரே போய் நின்று கையை ஆட்டினேன். அந்த வெள்ளைப் பெட்டி மேல் தட்டிலேயே தங்கிவிடப் போகிறது என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மாமா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். “வண்டியை வித்துடலாம் மாப்ள.”

“வித்தா மட்டும் அக்கா காதுல மாட்டிக்கவா போறா? மிஷின் கெட்டுப் போச்சுன்னு முடிவே பண்ணிட்டா. வாங்க, ஒரு சுத்து நானும் வரேன்.”

அதுவரை அந்த வண்டியில் நான் ஏறியதே மிகக் குறைவு. ஏரிக்கரைச் சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. வேகம் கூடினால் அதுவும் கூடியது.

“இதோ கேக்குதே மாமா!”

“இதுவா? இது ஸ்போர்ட்ஸ் காருடா. அப்படித்தான் உறுமும். அதுக்குத்தானே வாங்கறது?”

சத்தியமாக நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரைச் சரிவில் கியரை எடுத்துவிட்டு, இன்ஜினை வெறுமனே ஓட விட்டு, வண்டியை அதன் போக்கில் இறங்க விட்டார். இன்ஜின் உறுமல் அடங்கிவிட்டது. ‘ஊம்ம்ம்’ மட்டும் அடங்கவில்லை. சரிவு முடிந்து வண்டி தானாக மெதுவாக, மெதுவாக, அந்தச் சத்தமும் கூடவே இறங்கி வந்து நின்றது.

மாமா வண்டியை ஓரம் கட்டினார்.

“கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு மாப்ள. தினம் கொஞ்சம். அதான் எனக்குப் பழகிப்போச்சு. அவ காது புதுசு, அதனால அவளுக்குக் கேட்டிருக்கு.” பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, “அவளைப் போய் மிஷின் கோளாறுன்னு சொல்லிட்டேனே” என்றார்.

மெக்கானிக்கிடம் போனோம். பின் சக்கரத்து பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் முனகும் என்றான். மாற்றினான். சத்தம் அப்படியே இருந்தது. டயர்தான் காரணமா என்று முன்னதைப் பின்னே, பின்னதை முன்னே மாற்றிப் பார்க்கலாம் என்றால், அந்த வண்டிக்குப் பின் டயர் அகலம் அதிகம், முன்னால் பொருந்தாது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு டயரும் புத்தம் புதிதாகப் பளபளத்தன. மெக்கானிக் தலையைச் சொறிந்து, “ஊர்க்கோடியில சக்கரக் கோணம் பார்க்கற அலைன்மென்ட் கடை இருக்கு, அங்க காட்டுங்க” என்று கைகழுவினான்.

அன்று மாலை மாமா நாற்காலி போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்தார். அக்காவின் எதிரே உட்கார்ந்தார். உதடு தெரியும்படி, பாடம் சொல்லும் வேகத்தில் பேசினார்.

“மிஷின் நல்லா இருக்கு. உன் காதும் நல்லா இருக்கு. வண்டிதான் சரியில்ல. எங்க சரியில்லன்னு எங்களுக்குத் தெரியல. நீ வந்தாதான் ஆகும்.”

“என்னை சமாதானப்படுத்தறதுக்கு ஒண்ணும் கதை விட வேண்டாம்.”

“கதை இல்லடி. எங்கேர்ந்து வருதுன்னு எனக்குக் கேக்க மாட்டேங்குது. உனக்குத்தான் கேக்குது.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்த வீட்டில், ‘எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது’ என்று யாராவது அவளிடம் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! பெட்டியை வாங்கித் திறந்தாள்.

மறுநாள் அவர்கள் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். அலைன்மென்ட்காரர் தொப்பையும் சிரிப்புமாக வெளியே வந்தார். வந்தவர் மாமாவைக் கண்டதும், “அட, மெதுவா சார்! என்னைத் தெரியுதா? பள்ளிக்கூடச் சுவர்ல இடிச்சேனே!” என்றார். சுவரில் இடித்தவர்களை எல்லாம் நினைவு வைத்துக்கொள்ள மாமாவால் முடியுமா? ஆனாலும் தெரிந்த மாதிரியே சிரித்தார்.

வண்டியை விட்டு இறங்கிய அக்காவின் முகம் வலியில் சுருங்கியிருந்தது. ஆனால் கருவி காதிலேயே இருந்தது. “பின்னாடிதான். ரெண்டு பக்கமும் இருக்கு, என் பக்கம் ஜாஸ்தி. வேகம் குறையக் குறைய ‘கட கட கட’ன்னு தனித்தனியா பிரியுது, பல்லுப் பல்லா” என்றாள். அலைன்மென்ட்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்திச் சுற்றி வந்தார். டயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரும் ஆரம்பித்தார்.

அதற்குள் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போய்விட்டாள். இடது பின் சக்கரத்துக்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினாள். பாட்டில் வாயைத் தடவுகிற அதே தடவல். திருப்பி எதிர்ப்பக்கமாக ஒரு தடவு தடவினாள்.

“இப்படித் தடவினா வழவழன்னு போகுது,” என்றாள். “இப்படித் தடவினா ரம்பம்.”

அலைன்மென்ட்காரர் டார்ச்சை அடித்தார். பிறகு எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். டயரின் உள் விளிம்பு மட்டும் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கித் தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் வழுக்கை விழுந்து, உள்ளிருக்கும் கம்பி இதோ வரப் போகிறேன் என்று பளபளத்தது. வெளிப்பக்கத்தில் புது மாப்பிள்ளை போல் மினுக்கியது இதே டயர்தான்.

“அம்மா கண்டுபிடிச்சதால பொழச்சீங்க. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா, நடு ரோட்டுல வெடிச்சிருக்கும்” என்றார். “சார், பின் சக்கரக் கோணம் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“பின்னாடியா? பின்னாடி பார்க்க என்ன இருக்கு? வருஷா வருஷம் முன்னாடி ரெண்டையும் நான் கரெக்டா பார்த்துடறேனே.”

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. பள்ளியின் சின்ன வண்டிக்குப் பின் சக்கரங்கள் ஒரே தண்டில் இறுகப் பூட்டியவை. அங்கே கோணம் திருத்துவதற்கு ஒன்றுமே கிடையாது, முன்னிரண்டைச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. வாழ்நாளெல்லாம் அதையே பார்த்துப் பழகிய மனிதர், நான்கு சக்கரத்தின் கோணத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டிய வண்டியை வாங்கிவிட்டு, அதற்கும் முன்னிரண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தாழ்த்திய வண்டியில் பின் சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து, நேராகப் போகாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியார் வண்டிக்கும் அது பொருந்தும் போலிருக்கிறது என்று நான் சொல்ல, மாமாவே முதலில் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கருப்பேறிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ என் காதுல ஒண்ணும் இல்ல,” என்றாள்.

“ஒண்ணும் இல்லடி. எங்க மூணு பேரைவிட நல்லா இருக்கு.”

பின்னால் இரண்டும் புது டயர் போட்டாயிற்று. கோணம் பார்க்கும் மேடையில் வண்டியை ஏற்றினார்கள். அலைன்மென்ட்காரர் மணல் மூட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு தாழ்ந்த வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்தாலே சக்கரத்தின் சாய்வு மாறும், அதனால் உட்காருகிறவர்களின் எடைக்குச் சமமாக மூட்டை வைத்துத்தான் அளவு பார்ப்பாராம். மாமா தன் எடையைச் சொன்னார். அக்கா ஒரு எடை சொன்னாள். கல்யாணத்தின்போது இருந்திருக்கும். மாமா மெல்ல இருமி, அலைன்மென்ட்காரரைப் பார்த்துக் கண்ணால் இன்னொரு மூட்டையைக் காட்டினார்.

“நீங்க இருமினது எனக்குக் கேட்டுச்சு” என்றாள் அக்கா.

கடையே வெடித்துச் சிரித்தது. மூட்டைகளை ஓரம் தள்ளச் சொல்லிவிட்டு, “எப்பவும் நாங்க ரெண்டு பேரும்தானே போறோம், நாங்களே உக்காந்துடறோம்” என்று ஏறி உட்கார்ந்தாள். மாமாவும் ஏறினார். போட்டோ எடுக்கப் போவது போல இருவரும் அசையாமல் நேராகப் பார்த்தபடி இருக்க, அடியில் அலைன்மென்ட்காரர் திருகிக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் நான்கு சக்கரமும் இன்று என் அக்கா, மாமா இருவருடைய உண்மையான எடைக்குத்தான் நேராக நிற்கின்றன. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு நிறைந்துபோகிறது. அந்தத் தொப்பைக்காரருக்கும், வாங்கியதைப் பெட்டியில் வைக்காதே என்று எச்சரித்த அந்த அம்மாவுக்கும், ஏன், ரம்பமாகத் தேய்ந்து ஊளையிட்டு எங்களைப் பிழைக்க வைத்த அந்தப் பழைய டயருக்கும் நான் நன்றிக்கடன்பட்டவன்.

கேட்டைத் திறந்து வைக்க நான் ஸ்கூட்டரில் முன்னால் வந்துவிட்டேன். நீல வண்டி தெருமுனை திரும்பி வந்தது. ஊளை இல்லை, முனகல் இல்லை. கண்ணாடிகள் இறங்கியிருந்தன, அக்கா வழக்கம்போல் பேசிக்கொண்டு வந்தாள். வித்தியாசம் என்னவென்றால், நடுநடுவே மாமா சாலையைப் பார்த்தபடியே ஏதோ சொல்ல, இவள் “அது எப்படி?” என்று சண்டைக்குப் போனாள். ஒரு வழிப் பாதையில் எதிரிலிருந்தும் வண்டி வர ஆரம்பித்திருந்தது.

வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. மாமா இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, வழக்கம்போல் பாதி வாய்க்குள் முணுமுணுத்தார். “நல்லபடியா வந்து சேர்ந்தோம். நன்றி.”

கதவுப் பிடியில் வைத்த அக்காவின் கை அப்படியே நின்றது.

“யாருக்குச் சொன்னீங்க?”

“எதை?”

“இப்போ சொன்னதை.”

மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. “உனக்குத்தான். வேற யாரு இருக்கா இங்க?”

“எப்பவும் சொல்வீங்களா?”

“எப்பவும்தான்.”

“நான் வண்டிக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றாள் அக்கா. கையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளங்கைக் கரி கன்னத்தில் ஏறியது, அது அவளுக்குத் தெரியவில்லை. பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னொரு சுத்து போலாம்ங்க. வந்து நிறுத்தினதும் மறுபடியும் சொல்லுங்க.”

மாமா கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்தார். நான் கேட்டை மூடவில்லை.